கீழடியா ஆதிச்சநல்லூரா, எதுக்குப் போகலாம்?

ரெண்டுமே பழங்காலப் பொருளுங்க தோண்டி எடுத்த அகழாய்வு இடங்க, ஒரு நாள் லீவுதான்னா என் ஓட்டு ஆதிச்சநல்லூருக்கு. கீழடி மியூசியம் 2023ல திறந்தது, செட்டிநாட்டு வீடு ஸ்டைல், மதுரைக்குப் பக்கம், தமிழி (பழைய தமிழ் எழுத்து) கீறுன பானை ஓடு, பகடைக்காய், தந்தச் சீப்புன்னு அந்தக் கால ஜனங்க அன்றாட வாழ்க்கை அப்படியே கண்ணு முன்னால வந்துரும், பிள்ளைங்களோட போறவங்களுக்கு அதுதான் செட் ஆகும். ஆதிச்சநல்லூர் வேற மாதிரி, தோண்டின குழிக்கு மேல கண்ணாடி போட்டிருக்காங்க, கீழ முதுமக்கள் தாழி (அந்தக் காலத்துல இறந்தவங்களை வச்சுப் புதைச்ச பெரிய பானை) கிடைச்ச இடத்துலயே இருக்கு, அதுக்கு மேலயே நின்னு பாக்கலாம், உடம்பு சிலிர்க்கும். 1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி பெர்லினுக்கு அள்ளிட்டுப் போனாரு (நெனச்சாலே எரிச்சல்), அப்புறம் அலெக்சாண்டர் ரீங்கற தொல்லியல் ஆய்வாளர் வந்து தங்க நெற்றிப்பட்டமெல்லாம் எடுத்தாரு. நெல்லை திருச்செந்தூர் ரோட்டுலயே இருக்கு, முருகனைப் பாக்கப் போறவங்க வழியில இறங்கிக்கலாம்.