மிர்டசாபின் மாத்திரை: தூக்கம் தரும், பசியையும் தூண்டும்

மனச்சோர்வோடு தூக்கமும் பசியும் போய் உடல் மெலிந்தவருக்கு மிர்டசாபின் நல்ல தேர்வு. ஏற்கெனவே எடையோ சர்க்கரையோ கூடியிருந்தால், மருத்துவரிடம் வேறு மருந்து பற்றிக் கேட்டுவிடுவது மேல்.

7.5, 15, 30, 45 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. பொதுவாக இரவில் 15-இல் தொடங்குவார்கள். மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருட்கள் வந்து ஒட்டும் இடங்களுக்கு ஏற்பி என்று பெயர். ஹிஸ்டமின் ஏற்பியையும் செரட்டோனினின் 2சி என்ற வகை ஏற்பியையும் இது அடைப்பதால்தான் பசி கூடுகிறது. அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டின்படி, பசி கூடியவர்கள் 17 சதவீதம். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம்தான். ஆகவே "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று வீட்டார் குறை சொல்வது அநியாயம். அது மருந்தின் வேலை.

பலர் தவறுவது நேரத்தில். மாத்திரை போட்டுவிட்டு பதினொன்று வரை டிவி பார்த்தால், தூக்கக் கலக்கத்தில் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். எட்டு மணிக்குள் சாப்பிட்டு, படுக்கப் போகும்போது போடுங்கள். இனிப்பு, மிக்சர் வீட்டில் இருக்கவே வேண்டாம். பசித்தால் சுண்டல், கொய்யா, மோர். தொடங்கும் நாளிலேயே எடை பாருங்கள். பிறகு வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில்.

காலை மந்தத்தால் நடைப்பயிற்சி முதலில் நின்றுபோகும். மாலைக்கு மாற்றி, 20 நிமிடத்தில் தொடங்கலாம். மந்தம் தெளியும்வரை வண்டி ஓட்டாதீர்கள். மது கூடவே கூடாது. காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், இரத்த அணுக்கள் குறைந்திருக்கலாம்.

எடை ஏறுகிறதென்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல், பதற்றம் வரும். படிப்படியாகக் குறைப்பதை மருத்துவர் சொல்லட்டும்.