ஊட்டியில் பாட்டனியா, மேட்டுப்பாளையத்தில் ஃபாரஸ்ட்ரியா?

அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். வீடு குன்னூர் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. செடிகொடி என்றால் அவளுக்கு உயிர். "அத்தை, ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜில் பாட்டனி சேரட்டுமா, மேட்டுப்பாளையத்துக்கு ஃபாரஸ்ட்ரி போகட்டுமா?" என்று கேட்டாள். நான் ஊட்டியில் பாட்டனியும் கோவையில் எம்.எஸ்சி.யும் படித்தவள். இப்போது பள்ளியில் தாவரவியல் சொல்லித் தருகிறேன். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அவளுக்காக இரண்டையும் உட்கார்ந்து யோசித்தேன். மலையில் இன்னும் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது, பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பி.எஸ்சி. தாவரவியல் மூன்று ஆண்டுப் படிப்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே பி.எஸ்சி. வனவியல் நான்கு ஆண்டுகள். இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி, தரவரிசையும் தனித்தனி.

காட்டைப் பற்றிய படிப்புதானே இரண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டனியில் பாசி, பூஞ்சை, பெரணி, பூக்கும் தாவரம் என்று ஒவ்வொரு கூட்டமாகப் போவோம். அவற்றின் உள்ளமைப்பு, உடலியங்கியல், மரபியல், வகைப்பாடு எல்லாம் வரும். ஃபாரஸ்ட்ரியில் காடு வளர்ப்பது, மரத்தை அளப்பது, மண், வேளாண் காடுகள், மரத்தின் தரம், வனவிலங்கு மேலாண்மை என்று பாடம் விரியும். நம் மலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. வாட்டில் என்கிற சீகை மரம் வெளிநாட்டிலிருந்து வந்து, புல்வெளிகளில் பரவி நிற்கிறது. வெட்டினாலும் அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து திரும்ப முளைக்கிறது. அதை எப்படி அகற்றுவது, எவ்வளவு மரம் கிடைக்கும், அந்த இடத்தில் எதை நடுவது என்று ஃபாரஸ்ட்ரி மாணவர் கணக்குப் போடுவார். அங்கே திரும்பி வருகிற புல் எந்தப் புல், பழைய இனம்தானா என்று குனிந்து பார்ப்பவர் பாட்டனிக்காரர். மலைக்கு இரண்டு பேருமே வேண்டும்.

ஆனால் பாட்டனி படிக்க ஊட்டியைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது. சமவெளிக் கல்லூரிகளில் படித்த என் தோழிகள், ஈரத்தில் தரையோடு படரும் மார்கான்ஷியா என்ற சின்னத் தாவரத்தை ஃபார்மலின் பாட்டிலில்தான் பார்த்தார்கள். எனக்கு அது ஓடைக்கரையில், ஈரச் சுவரில், குட்டிக் குடைகளை விரித்தபடி உயிரோடு கிடைத்தது. மரப்பெரணி, பைன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்ந்து பாறையிலும் பட்டையிலும் படரும் லைக்கன் எல்லாமே பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் இருந்தன. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான் என்று தெரிந்த நாளில் வீட்டில் அம்மாவிடம் டப்பாவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். புல்வெளிச் சதுப்பில் பூச்சி பிடித்து உண்ணும் டிரோசிரா இருக்கும். ஒட்டும் துளிகளோடு அதைப் பார்த்தவர்களுக்குப் பாடப்புத்தகப் படம் அப்புறம் தேவைப்படாது. 1848-ல் உருவான தாவரவியல் பூங்காவில் பெரும்பாலும் வெளிநாட்டு மரங்கள் என்றாலும், செடிகளைத் தாவரக் குடும்பம் வாரியாக அடையாளம் காணப் பழக அது நல்ல இடம்.

மழையும் ஒரு பாடம். நடுவட்டம், கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் மழை மறைவில் முள்காடு. ஒரே மாவட்டத்துக்குள் ஒரே நாளில் இத்தனையையும் பார்த்துவிட்டு வரலாம்.

கஷ்டமும் உண்டு. செடிகளை அழுத்திக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டிச் சேர்க்கும் தொகுப்புதான் ஹெர்பேரியம்; மழைக்காலத்தில் அதற்குச் செடி காயவே காயாது. தினமும் செய்தித்தாளை மாற்றினாலும் பூசணம் பிடித்துவிடும். அடுப்பங்கரை ஓரத்தில் வைத்துக் காயவைத்த இரவுகள் எனக்கு நிறைய. இன்னொன்று: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. சாலையோரமும் தோட்ட வரப்பும்தான் நம் களம்.

மேட்டுப்பாளையத்தின் பலம் வேறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில். நாற்றங்கால், மரக்கன்று, தனியார் நிலத்தில் மரம் வளர்க்கும் விவசாயிகள் என்று அந்தப் படிப்புக்கான உலகம் கீழேதான். தொழிற்படிப்பு என்பதால் வேலைக்கான பாதையும் தெளிவாகத் தெரியும். மரத்தோட்ட நிறுவனங்கள், காகித ஆலைகளின் பண்ணைத் திட்டங்கள் போன்றவற்றுக்கு நேராகப் பொருந்தும் படிப்பு அது. நாலு வருடம், வீட்டைவிட்டு விடுதி வாழ்க்கை என்பதைக் குடும்பம் கணக்கில் எடுக்க வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு என்றால் தினமும் பஸ்ஸில் போய் வரலாம். எங்களைப் போன்ற வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்திய வனப்பணிக்கு ஃபாரஸ்ட்ரி படித்தால்தான் முடியும் என்று சிலர் சொல்வது தவறு. வனவியல், வேளாண்மை, பொறியியல் பட்டதாரிகளைப் போலவே தாவரவியல் பட்டதாரியும் அந்தத் தேர்வை எழுதலாம். மாநிலத் தேர்வுகளில் தகுதி விதியை ஒவ்வோர் அறிவிக்கையிலும் வரி விடாமல் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பாட்டனியை பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம் என்பதை அவளிடம் மறைக்கவில்லை. மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக எம்.எஸ்சி., பி.எட். வேண்டும். ஆராய்ச்சிக்கு அதற்கு மேலும் படிக்க வேண்டும்.

அதனால் நான் சொல்லும் வழி: இளங்கலை ஊட்டியில், முதுகலை கோவையில். 1909-ல் சென்னையிலிருந்து கோவைக்கு வந்த மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கே, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் நம் மலையில் பறித்துக் காகிதத்தில் ஒட்டிவைத்த செடிகளை அங்கே பார்த்தபோது, உயிரோடு அவற்றை முன்பே தெரிந்திருந்தது எனக்கு எவ்வளவு உதவியது என்று இன்றும் நினைப்பேன். மூலக்கூறு உயிரியல், ஆய்வகம்தான் பிடிக்கும் என்பவர் மட்டும் முதலிலேயே கோவைக்கு இறங்கலாம்.

மரம் நட வேண்டும், காட்டை நிர்வகிக்க வேண்டும், நாலு வருடத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை தயங்காமல் மேட்டுப்பாளையம் போகட்டும். எங்கள் வீட்டுப் பெண் அப்படி இல்லை. நேற்றுகூட மலைரயிலில் வந்தவள் கல்லாறு தாண்டியதும் பாக்கு மரங்கள் எங்கே நின்றன, எங்கிருந்து பாறையில் பாசி பிடிக்கத் தொடங்கியது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தாள். இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன். ஊட்டியில் இடம் கிடைத்தால் என் பழைய செடி அழுத்தும் பலகையை அவளிடம் கொடுத்துவிடுவேன்.