ஜூன் மாதத்து நடுவரிசை அணிகளும் ரன் வித்தியாசமும்: பல சீசன் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள். ஜூன் வாக்கில் பட்டியலைப் பார்த்தால், வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமமாக உள்ள ஒரு கூட்டம் நடுவில் நெருக்கியடித்து நிற்கும். இதில் எது செப்டம்பரில் மேலே ஏறும்? இதற்குப் பல சீசன்களாக நான் முதலில் பார்ப்பது ரன் வித்தியாசம், அதாவது எடுத்த ரன்னில் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட்டைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஆனால் பேஸ்பாலில் இதை வைத்து எந்த அணியும் பட்டியலில் முன்னேறாது, நம்மைப் போன்றவர்களின் ஜோசியத்துக்குத்தான் உதவும்.

இதை வெற்றிக் கணக்காக மாற்ற பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். எடுத்த ரன்னை வர்க்கப்படுத்தி, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வரும் விகிதத்தை ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வெற்றிக் கணக்கு. ஃபோன் கால்குலேட்டரே போதும்.

நன்றாக வேலை செய்த உதாரணம் 2021 அட்லாண்டா பிரேவ்ஸ். ஜூலை நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளையில் 44 வெற்றி, 45 தோல்வி. அதற்குச் சற்று முன்புதான் அணியின் நட்சத்திரம் அக்குன்யா முழங்காலில் அடிபட்டு சீசனையே இழந்திருந்தார். எல்லோரும் கைகழுவிவிட்ட நேரத்திலும் ரன் வித்தியாசம் பிளஸ்ஸில்தான் இருந்தது. ஜூலையில் பீடர்சன், டுவால், சோலேர், ரொசாரியோ என்று வெளிக்களத்துக்கே நான்கு பேரை வாங்கினார்கள். 88 வெற்றியோடு பிளேஆஃபுக்குள் போய், இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்ட் சீரிஸையே ஜெயித்தார்கள்.

இனி குறைகள். 2023 சான் டியேகோ பாட்ரெஸை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 752 ரன் எடுத்து 648 கொடுத்த அணி. சூத்திரப்படி 93 வெற்றி வர வேண்டும். வந்ததோ 82. ஒரே ரன்னில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. சமநிலையால் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸுக்கு நீண்ட ஆட்டங்களில் 2 வெற்றி, 12 தோல்வி. "இவ்வளவு துரதிர்ஷ்டம் தொடராது, சீக்கிரம் திரும்பும்" என்று நம்பிக் காத்திருந்தால், சீசனே முடிந்துவிட்டது. விட்டுப்போன வெற்றிகளை அதிர்ஷ்டம் வட்டியோடு திருப்பித் தரும் என்று சூத்திரம் சொல்வதில்லை. இனிமேல் அந்த அணி தன் தரத்துக்கு ஏற்ப ஆடும் என்று மட்டும்தான் சொல்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: 2021 சியாட்டில் மரினர்ஸ் மைனஸ் 51 ரன்னோடு 90 ஆட்டம் ஜெயித்தது.

இன்னொன்று, இந்தச் சூத்திரத்துக்கு ஆட்களே தெரியாது. 2019 மே 23 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி. ரன் கணக்கும் மைனஸ்தான், புல்பென், அதாவது ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து பந்து வீசும் குழு, படுமோசம். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்களாக (பந்துவீச்சாளர்களாக) ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் மூவரும் இருந்தார்கள். விரல் உடைந்து உட்கார்ந்திருந்த ட்ரே டர்னர் அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்த அணி 93 வெற்றியோடு முடித்து, கோப்பையையும் தூக்கியது. அதனால் இப்போதெல்லாம் ரன் வித்தியாசத்தோடு காயப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். யார் திரும்பி வருகிறார், அவர் இல்லாத நாட்களில் அந்த இடத்தில் ஆடியது யார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிளேஆஃப் வாய்ப்பைச் சதவீதமாகத் தரும் தளங்கள் இதையெல்லாம் சேர்த்தே கணக்குப் போடுகின்றன. ஜூலை கடைசி வரை அவை நல்ல துணை. அப்புறம் நான் அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 2024 ஆகஸ்ட் 10 முடிவில் டெட்ராய்ட் டைகர்ஸ் 55 வெற்றி, 63 தோல்வி. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகக் கெடுவுக்கு முன்பே பிட்சர் ஃப்ளாஹர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு தளமான ஃபேன்கிராஃப்ஸ் கொடுத்த வாய்ப்பு 0.2 சதவீதம். மீதி 44 ஆட்டங்களில் 31-ஐ ஜெயித்து டைகர்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. முதல் சுற்றில் ஹூஸ்டனையும் வெளியே அனுப்பியது.