ஒரு குடம் குடிக்க, மூன்று குடம் சாக்கடைக்கு

இரண்டு வருடம் நான்கு மாதம் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய ஆர்.ஓ., அதாவது அழுத்தம் கொடுத்துத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் பியூரிஃபையரைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது. குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 280 மில்லிகிராம். பெட்டியிலிருந்து வந்தது 25. குளோரின் வாடையும் போய்விட்டது. உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பரேனை ஒரு தடவைதான் மாற்றினோம். பம்பின் இரைச்சல் ராத்திரியில் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து வந்த அம்மாதான் பெட்டியிலிருந்து வெளியே போகும் மெல்லிய கறுப்புக் குழாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இந்தத் தண்ணி எங்க போகுது?" சிங்க்குக்கு அடியில் சாக்கடைக்குப் போகிறது என்றேன். "நல்ல தண்ணியாட்டம் இருக்கே" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குழாயின் முனையை ஒரு வாளியில் விட்டு அளந்தேன். ஒரு லிட்டர் குடிநீர் சேர்வதற்குள் வாளியில் மூன்று லிட்டர் நிறைந்திருந்தது.

இது பழுது இல்லை. மெம்பரேன் உப்பைத் தடுத்து நிறுத்துகிறது. நின்ற உப்பு அங்கேயே படிந்தால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் தண்ணீரை விட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். புதிய மாடல்கள் சில குறைவாக வெளியேற்றுகின்றன, பழையவை ஐந்து பங்குகூட வெளியேற்றும். எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 12 லிட்டர். அப்படியானால் வெளியே போனது 36 லிட்டர், வருடத்துக்கு 13,000 லிட்டருக்கு மேல். ஒரு மனிதருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து நாளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதியை எட்டும் அளவை நான் தினமும் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. வாளித் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். 365. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தண்ணீரின் சுவை நன்றாகவே இருக்கும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். உப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் சாக்கடைக்கு அனுப்பியதுகூட அந்த வரம்புக்குள்தான் இருந்தது! உலகத்துத் தண்ணீரில் உப்பில்லாதது வெறும் 2.5 சதவீதம். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. நம்பிக் குடிக்கத்தக்க தண்ணீர் வீட்டில் கிடைக்காமல் 200 கோடிக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். நன்னீரில் சுமார் 70 சதவீதத்தை விவசாயம்தான் எடுக்கிறது, வீடுகளின் பங்கு சிறியது என்பதும் தெரியும். ஆனால் எங்கோ எடுத்து, சுத்தம் செய்து, குழாய் வழியாக வீடுவரை கொண்டுவந்த தண்ணீர் இது. அதில் நாலில் மூன்று பங்கைக் கொட்டுவதற்கு ஒரு காரணமாவது வேண்டாமா?

எனக்கு இருந்த ஒரே காரணம், வாங்குவதற்கு முன் விற்பனையாளர் காட்டிய டெமோ. இரண்டு டம்ளர்கள், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் வைத்த ஒரு கருவியை உள்ளே விட்டு மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. "சார், இதைத்தான் உங்க பிள்ளைங்க குடிக்கிறாங்க" என்றார். பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்தப் பழுப்பு கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பிருக்கும் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், கம்பி அரிக்கும். அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தி விற்றதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர் உருவாக்கிய மெம்பரேனிலிருந்து வளர்ந்தது இது. 1965இல் கோலிங்கா என்ற சிற்றூரில் உவர்ந்த கிணற்று நீரைக் குடிநீராக்கியது அந்த மெம்பரேன். இன்று கடல்நீரைக் குடித்து வாழும் நகரங்களுக்கு அதுதான் உயிர். உங்கள் தண்ணீரில் டிடிஎஸ் 1000ஐத் தாண்டினாலோ, ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் அதிகம் என்று பரிசோதனைக்கூடம் சொன்னாலோ யோசிக்காமல் ஆர்.ஓ. வாங்குங்கள். ஆனால் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் கிருமியையும் காட்டாது, ஆர்செனிக்கையும் தனியாகக் காட்டாது.

நாங்கள் கொடுத்துப் பார்த்தோம். உப்பும் உலோகங்களும் பிரச்சினையில்லை, கிருமிக்குத்தான் காவல் வேண்டும் என்று வந்தது. அப்புறம் உப்பை விட்டுவிட்டுக் கிருமிகளைத் தடுக்கும் நுண்துளை யு.எஃப். வடிகட்டியும், கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கும் உள்ள பெட்டிக்கு மாறினோம். ஏழு மாதம் ஆகிறது. கழிவுக் குழாயே கிடையாது. வடிகட்டியை அவ்வப்போது அலசிவிட ஒரு வாளி போதும். விளக்கை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தண்ணீரின் சுவை முன்பைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பழைய ஆர்.ஓ. பெட்டியை, ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்பியிருக்கும் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கிணற்று நீரில் டிடிஎஸ் 1450. பெட்டி அதை 95க்கு இறக்குகிறது. கறுப்புக் குழாயை ஒரு பீப்பாயில் விட்டிருக்கிறாள். செடிக்கு ஊற்ற முடியாத உப்பு, ஆனால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தினமும் தீர்ந்துவிடுகிறது.