பர்சனல் அலாரம் வாங்கலாமா? ஒரு குளிர்காலம் முழுக்க யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

யாராவது தாக்க வந்தா பலமா கத்தற இந்த குட்டி அலாரத்த ஏன் வாங்கினேன்னு மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா கீழ நான் சொல்ற குறையெல்லாம் ஓவரா தெரியும். நாங்க இருக்கறது அமெரிக்கால மினசோட்டா ஸ்டேட்ல ராச்செஸ்டர். எனக்கு லேப்ல வேலை, ஷிப்ட் காலைல 5 மணிக்கு, அதனால 4.30க்கெல்லாம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல கார் கண்ணாடி மேல இருக்கற பனிய சுரண்டிட்டு நிப்பேன், சுத்தி ஈ காக்கா இருக்காது. இங்க எங்களுக்கு லோக்கல் நியூஸ்னா கேஐஎம்டி, பக்கத்து ஸ்டேட் அயோவால மேசன் சிட்டியோட சேனல். ஜூன் கடைசி வந்தா ஒரு பொண்ணோட போட்டோவ பத்தி ஊரே பேசும். ஜோடி ஹூசன்ட்ரூட். (பேரே ஜோடிதான், நானும் மொதல்ல முழிச்சேன்.)

அந்த சேனல்லயே காலை நியூஸ் ஆங்கரா இருந்தவ, வயசு 27. 1995 ஜூன் 27 அன்னிக்கு டைமுக்கு வேலைக்கு வரல, 4 மணி வாக்குல ப்ரொட்யூசர் போன் பண்ணிருக்காங்க, தூங்கிட்டேன் இதோ வரேன்னு சொல்லிருக்கா, அவ்ளோதான். 6 மணி நியூஸ அந்த ப்ரொட்யூசரே உக்காந்து படிச்சாங்களாம். 7 மணிக்கு மேல போலீஸ் போய் பாத்தா பார்க்கிங்ல அவளோட செவப்பு மாஸ்டா மியாட்டா நிக்குது, கீழ செவப்பு ஹீல்ஸ், ஹேர் ட்ரையர், ஹேர் ஸ்ப்ரே, கம்மல்லாம் சிதறி கிடக்கு, கார் சாவி வளைஞ்சு போயிருக்கு. யாருதுன்னே தெரியாத பாதி உள்ளங்கை ரேகை ஒண்ணு சிக்குச்சு. ஒரு வெள்ளை வேன் நின்னத பாத்தேன்னு சொன்னவங்க உண்டு. உடம்பு கெடைக்கல. 2001ல சட்டப்படி இறந்துட்டதா அறிவிச்சிட்டாங்க, 30 வருஷமாகியும் ஒருத்தர் மேலயும் கேஸ் போடல.

அந்த வளைஞ்ச சாவிதான் என்னைய தூங்க விடல. மறுநாளே ஆன்லைன்ல அலாரம் ஆர்டர் போட்டேன், ரெண்டு பீஸ் 18 டாலர்.

சரி, பொருளுக்கு வரேன். முட்டை சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுல சொருகியிருக்கற பின் (pin), அந்த பின்ன இழுத்தா கத்தும், கூடவே லைட் மின்னும். 130 டெசிபல்னு போட்டிருக்கான், அளந்தெல்லாம் பாக்கல, ஆனா வீட்டுக்குள்ள இழுத்து பாத்து எனக்கு அரை மணி நேரம் காது ஙொய்ங்னுச்சு. சார்ஜ் நல்லா நிக்குது, அதுல குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சனை எங்கன்னா, கீசெயின்ல மாட்டிக்கோன்னு போட்டிருக்கான், மாட்டினா பின்ன இழுக்க ரெண்டு கை வேணும். காலைல எனக்கு ஒரு கைல லன்ச் பை, காபி, இன்னொரு கைல சாவி, மேல க்ளவ்ஸ் வேற. ஜோடி கைலயும் அப்படித்தான இருந்திருக்கும், லேட்டாயிடுச்சேன்னு ஹேர் ட்ரையர், ஷூ எல்லாத்தையும் அள்ளிட்டு ஓடியிருக்கா. அதனால நான் பின்ன மணிக்கட்டுல ஒரு கயிறு போட்டு கட்டிக்கிட்டேன், டப்பா கைக்குள்ள, யாராவது புடுங்கினா தானா கத்தும். இத டப்பாலயே செஞ்சு குடுத்தா என்னவாம்? ஹேண்ட்பேக்ல போட்டு வெச்சா சுத்தமா வேஸ்ட், அதுவும் ஒரு தடவை பைக்குள்ள ஜிப்புல மாட்டி கடைல பில்லிங் லைன்ல கத்த ஆரம்பிச்சு மானமே போச்சு.

அப்புறம் ஒரு டெஸ்ட் பண்ணோம். ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலைல நானும் வீட்டுக்காரரும் பார்க்கிங்ல நின்னு பின்ன இழுத்தோம், ஒரு நிமிஷம் கத்த விட்டோம். ரெண்டாவது மாடில ஒரு ஜன்னல்ல லைட் எரிஞ்சுது. அணைஞ்சுது. வேற யாரும் எட்டி கூட பாக்கல, போலீஸும் வரல, ஏதோ கார் அலாரம்னு நெனச்சிருப்பாங்க, நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சு போர்வைய இழுத்து மூடியிருப்பேன். மேசன் சிட்டிலயும் அன்னிக்கு விடிகாலைல அலறல் சத்தம் கேட்டுச்சுன்னு அக்கம்பக்கத்துல சிலர் பின்னாடி போலீஸ்ட்ட சொன்னாங்க. கேட்ட நேரத்துல யாரும் போன் எடுக்கல.

அந்த லைட் அணைஞ்சதுக்கு அப்புறம் இவர் ஒண்ணும் பேசல, மேல வந்து காபி போட்டார். அன்னிக்கே லேப்ல கூட வேலை செய்யற அக்காகிட்ட பேசிட்டேன், 5.10க்குள்ள நான் பஞ்ச் பண்ணலன்னா எனக்கு ஒரு கால், எடுக்கலன்னா இவருக்கு, இவரும் எடுக்கலன்னா நேரா 911, இங்க எமர்ஜென்சி நம்பர். அவங்க லேட்டானா நானும் அதே மாதிரி. 18 டாலர் கூட ஆகல.

அலாரத்துக்கு 5க்கு 3 ஸ்டார். வாங்கறதா இருந்தா பின்னுல கயிறு நீளமா இருக்கற மாடல் பாத்து வாங்குங்க, வந்த உடனே வீட்டுக்குள்ள இழுத்து பாக்காதீங்க, எங்க பூனை ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய வரல.