காட்பாடி கன்சல்டன்சி: வாசிப்பு வகுப்புக்குக் காசு கொடுக்கலாம், காலேஜ் லிஸ்டுக்கு வேண்டாம்

காந்தி நகர் பக்கம் இருக்கும் ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி பற்றிய விமர்சனம் இது. யார் பிழைப்பிலும் மண்ணைப் போட விருப்பமில்லை, அதனால் பெயர் எழுதவில்லை. சித்தப்பா மகளுக்காகப் போனோம். அவள் பிறந்தது நியூஜெர்சி, வளர்ந்ததும் படித்ததும் வேலூர். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டாள், கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது, அவளுக்கு வேண்டியது அமெரிக்காவில் எம்.டி.யும் (அங்கே அது நம்ம எம்பிபிஎஸ் மாதிரி, டாக்டராவதற்கான முதல் பட்டம்) தத்துவத்தில் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு. ஆமாம், இரண்டும் சேர்த்துத்தான்.

"தத்துவமா? டாக்டருக்கு அது எதுக்கும்மா?" என்றார் கவுன்சிலர். அவரைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். இத்தனைக்கும் தத்துவப் பேராசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் இளமையில் படித்தது நம்ம வேலூர் ஊரிசு கல்லூரியில். அப்புறம் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனபோது, அங்கே படித்து முடித்த உறவினர் தன் தத்துவப் புத்தகங்களைச் சும்மா கொடுத்ததால்தான் அந்தப் பாடத்தை எடுத்தார் என்று சொல்வார்கள். தங்கை விடவில்லை. அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1869ல் ஹார்வர்டில் எம்.டி. வாங்கியவர், கார்ல் யாஸ்பர்ஸ் மனநல மருத்துவராக இருந்து தத்துவத்துக்கு வந்தவர், ஜார்ஜ் காங்கிலெம் தத்துவ வாத்தியாராக இருந்துகொண்டே மருத்துவம் படித்தவர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கவுன்சிலர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு பேக்கேஜ் அட்டையை எடுத்து நீட்டினார். 45,000 ரூபாய், பாதி முன்பணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் வேலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் ஆவணத்துக்கு என்னென்ன இணைக்க வேண்டும், உறையை எப்படி சீல் வைத்து வாங்க வேண்டும், எந்தத் தாளில் பெயரின் இனிஷியல் மாறினால் பின்னால் வம்பு வரும், எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. முன்னறையில் உட்காரும் அந்தப் பெண் ஒருவருக்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

காலேஜ் லிஸ்ட்தான் கொடுமை. கல்யாண வீட்டு இலை மாதிரி வருகிற எல்லாருக்கும் ஒரே வரிசையில் பரிமாறுகிறார்கள். எங்களுக்குக் கொடுத்ததில் பாதி, பிஎச்.டி. என்றால் உயிர்வேதியியல், நரம்பியல், செல் உயிரியல் என்று லேப் பக்கமே போகும் திட்டங்கள். எம்.டி.-பிஎச்.டி. திட்டங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 1964லிருந்து இதற்குப் பயிற்சி நிதி கொடுக்கிறது, அதன் நோக்கமே மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆள் தயாரிப்பதுதான். ஹார்வர்ட் மாதிரி சில இடங்களில் சமூக அறிவியலுக்கென்று தனித் தடம் இருக்கிறது. தத்துவத்தை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு, அதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேரடியாக மெயில் போட்டுத்தான் கேட்க வேண்டும். முதலில் எம்.டி.யில் சேர்ந்துவிட்டு, அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. இதில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்லவில்லை, எல்லாம் தங்கை ராத்திரி உட்கார்ந்து தேடி எடுத்தது.

அவர்கள் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவும் அமெரிக்காவிலோ கனடாவிலோ குறைந்தது ஓராண்டுக்காவது கல்லூரிப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்றாலும் நம்ம ஊர் பி.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அங்கே கதவு திறப்பது கஷ்டம். இதைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றார் கவுன்சிலர். எப்புறம்? விண்ணப்பக் கட்டணம் எல்லாம் கட்டின பிறகா? இந்தியக் குடிமக்களுக்கு இன்னும் இறுக்கம். அந்த என்.ஐ.எச். பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், வெளிநாட்டு மாணவர்களை எம்.டி.க்கே எடுக்காத கல்லூரிகளும் நிறைய. இதை வாசலிலேயே சொல்லாத எந்த கன்சல்டன்சிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் மாடியில் சாயங்காலம் நடக்கும் வாசிப்பு வகுப்பு வேறு ரகம். பேக்கேஜில் சேராது, தனிக் கட்டணம், மாதம் 4,000. எடுப்பவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் எம்கேட் தேர்வில் கார்ஸ் என்று ஒரு வாசிப்புப் பகுதி உண்டு, 90 நிமிடத்தில் 9 பத்திகள், 53 கேள்விகள். அறிவியலே கிடையாது. தத்துவம், அறவியல், கலை, வரலாறு, சமூகவியல் என்று எங்கிருந்தாவது ஒரு பத்தி வரும், அதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். உயிரியலில் கில்லிகளாக இருக்கும் நம்ம பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். சார் கேள்வித்தாளை முதலில் கொடுக்கவே மாட்டார். பத்தியைப் படித்ததும் மூடி வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை மறுக்கிறார், எங்கே சந்தேகப்படுகிறார் என்று தமிழில் சொல்லச் சொல்வார். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால், "உனக்குப் புரியலம்மா, திரும்பப் படி" என்பார். ஷார்ட்கட் கேட்டு வந்த பையன்கள் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள். தங்கை நிற்கவில்லை.

எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை, அந்த விஷயத்திலும் அவர்தான் காப்பாற்றினார். கீழே ஆபீஸில் எழுதிக் கொடுத்த வரைவு "சிறு வயதிலிருந்தே நோயாளிகளின் துயரம் கண்டு" என்று ஆரம்பித்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஆற்காடு ரோட்டில் தினமும் நீ பார்ப்பது என்ன?" என்று கேட்டார். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள், வங்காளி எழுத்தில் போர்டு வைத்த மெஸ்கள், மருந்துக் கடையில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "அப்பாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சும் மகன். அந்த உண்மை யாருடையது, நோயாளியுடையதா, குடும்பத்துடையதா? மறைப்பது அன்பா, உரிமையைப் பறிப்பதா? மகன் பேச்சைக் கேட்டு மறைக்கும் டாக்டர் பொய் சொல்கிறாரா? நம்ம எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே 2019லிருந்து ஏட்காம் என்ற பெயரில் அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் வந்துவிட்டன, ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் மனப்பாடம் செய்யும் விடை கிடையாது. தங்கை இதையே எடுத்துக்கொண்டாள். தத்துவ பிஎச்.டி. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட எழுத்து மாதிரிக்குத்தான் (நாமே எழுதிய ஒரு தத்துவக் கட்டுரை) கனம் அதிகம், ஒரே ஒரு வாதத்தைப் பதினைந்து இருபது பக்கம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இப்போது அதற்கு ஒரு விதை இருக்கிறது.

பரிந்துரைக் கடிதம்தான் இன்னும் இடிக்கிறது. விலங்கியல் பேராசிரியர்கள் நன்றாக எழுதித் தருவார்கள், அவளுக்குத் தத்துவம் சொல்லிக் கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. அதற்காக இக்னோ தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் சேரலாமா, அமெரிக்காவில் ஓராண்டு பாடம் எடுக்கும்போதே தத்துவ வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று வீட்டில் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. என் ஓட்டு இரண்டாவதற்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இதே ஆசை இருப்பவர்கள் நீட் எழுதி எம்பிபிஎஸ் முடித்துவிட்டுத் தத்துவத்துக்குப் போவதே நடைமுறை. உச்ச வயது வரம்பை 2022ல் எடுத்துவிட்டார்கள், அதனால் டிகிரி முடித்த பிறகும் எழுதலாம்.

மொத்தத்தில் ஆபீஸுக்கு 2 நட்சத்திரம், மாடி வகுப்புக்கு 5. வகுப்பில் மட்டும் சேரலாம். பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்று கீழே சொன்னால் கேட்காமல் நேராகப் படியேறிப் போங்கள், சார் சேர்த்துக்கொள்வார். மாடியில் ஏசி இல்லை, மே மாதம் போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போகவும். மீதிப் பாதி பணத்தை நாங்கள் கட்டவில்லை, அவர்களும் கேட்டு போன் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.