இரண்டாவது சீட்டுக்கு யார் காசு கொடுப்பது? கனடா விதியும் சவுத்வெஸ்ட் விதியும்

பருமனான பயணிக்கு ஒரு சீட் போதாது என்றால் அடுத்த சீட்டின் செலவு யார் தலையில் விழுகிறது?

கனடாவின் உள்நாட்டு விமானங்களில் இரண்டு சீட் தேவைப்பட்டாலும் ஒருவருக்கு ஒரே கட்டணம்தான். 2008 ஜனவரியில் கனடியப் போக்குவரத்து முகமை ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் நிறுவனங்களுக்கு இட்ட உத்தரவு இது. அவை உச்ச நீதிமன்றம் வரை போயும் மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் பருமன் உடல் இயலாமை அளவுக்கு இருக்க வேண்டும். டாக்டர் படிவம் நிரப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு இது செல்லாது.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் டாக்டர் தேவையில்லை, கைப்பிடிதான் அளவு. இரண்டு கைப்பிடிகளையும் இறக்கிவிட்டு நடுவில் உட்கார முடியாவிட்டால் இன்னொரு சீட். முன்பெல்லாம் விமான நிலையத்தில் கேட்டாலே இலவசமாகத் தந்தார்கள். 2026 ஜனவரி 27 முதல் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு சீட்டாவது காலியாக இருந்து விமானம் புறப்பட்டால்தான் பணம் திரும்பும். அதையும் 90 நாளுக்குள் கேட்க வேண்டும்.

விமானம் நிரம்புவதும் நிரம்பாததும் பயணியின் கையிலா இருக்கிறது? டாக்டர் முன் அளவெடுக்க நிற்பது எவருக்கும் கூச்சம்தான். இருந்தாலும் செலவு முன்பே உறுதியாகிவிடுவதால் கனடா விதியே நியாயம் என்பேன். அங்கே பறப்பவர்கள் டிக்கெட் போட்ட கையோடு படிவத்தையும் அனுப்பிவிடுங்கள்.